உஷார்! இரண்டு பேர் உயிரும் ஒரே தோள்பையில்

சிங்கப்பூரில் ஒரு மாலை. ஆபீஸ் விட்ட கூட்டம் மெட்ரோ நடைமேடையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றது. ரயில் வந்ததும் என் கணவர் ஏறிவிட்டார். நான் ஒரு குழந்தை வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். அதற்குள் மணி அடித்து, கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இவர் கையை ஆட்டி ஏதோ சொல்வது தெரிந்தது. ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மறுநொடி ரயில் போய்விட்டது.

என் கையில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு சால்வையும்.

இவர் தோள்பையில் இருந்தது என்ன தெரியுமா? எங்கள் இருவர் பாஸ்போர்ட், மொத்தப் பணம், வங்கி அட்டைகள், ஓட்டல் அறைச் சாவி, இன்ஷூரன்ஸ் தாள், ஊர் திரும்பும் விமான டிக்கெட். என் செல்போன் ஓட்டல் அறையில் கிடந்தது. "ஒரு போனுக்கு ரோமிங் போட்டால் போதும், எப்படியும் ஒன்றாகத்தானே சுற்றப்போகிறோம்" என்று திருச்சியில் பெட்டி கட்டும்போது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. கல்யாணமாகி 34 வருடம். இவர் நம்பரைப் போனில் பெயரைத் தொட்டுத்தான் கூப்பிட்டுப் பழக்கம். கடைசி நான்கு இலக்கம் நினைவுக்கு வரவே இல்லை. ஓட்டல் பெயரும் தெரியாது. செராங்கூன் சாலைப் பக்கம், கீழே ஒரு பூக்கடை இருக்கும், அவ்வளவுதான் தெரியும்.

நிலைய அலுவலகத்தில் இருந்த பெண் தமிழில் பேசினார். தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் ஊர் என்பதால் நான் பிழைத்தேன். ஆனால் நான் மேலே அலுவலகத்துக்குப் போன நேரத்தில் இவர் அடுத்த நிலையத்தில் இறங்கி, திரும்பி வந்து, நடைமேடையில் என்னைக் காணாமல் பதறி, வெளியே ஓடித் தேடியிருக்கிறார். ஒருவரை ஒருவர் பார்க்க 1 மணி 10 நிமிடம் ஆனது. அப்போது இவருக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. ரத்தக்கொதிப்பு உள்ள மனிதர். இவருடைய மாத்திரையோ ஓட்டல் அறையில், என் கைப்பையில்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே கதவு பாரிஸிலோ பாங்காக்கிலோ மூடியிருந்தால் யாரிடம் போய் என்ன மொழியில் என்ன சொல்லியிருப்பேன்?

ஊருக்கு வந்த பிறகு தெரிந்த தம்பதிகளிடமெல்லாம் விசாரித்தேன். ஏறக்குறைய எல்லார் வீட்டிலும் இதே ஏற்பாடுதான். காகிதமும் காசும் அவரிடம், மருந்தும் உடுப்பும் சாப்பாடும் இவளிடம். வீட்டில் இந்தப் பங்கீடு 30, 40 வருடமாக நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. ஆனால் வழி தெரியாத ஊரில் ஒருவர் விழுந்தால், நிற்பவர் கையில் பாதிதான் இருக்கும். 'துணைக்கு ஆள் இருக்கிறதே' என்ற தைரியத்தில் இருவருமே தங்களுக்கென்று எதையும் தயாராக வைத்துக்கொள்வதில்லை. தனியாகப் போகிறவர்கூட இவ்வளவு அசட்டையாகப் போகமாட்டார்.

என் பக்கத்துத் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 66. மனைவியோடு துபாய் போனார். மூன்றாம் நாள் காலை குளித்துவிட்டு வந்தவருக்குக் கை தளர்ந்தது, வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. அந்த அம்மாவுக்கு ஆம்புலன்ஸ் நம்பர் தெரியாது. ஓட்டல் வரவேற்பைக் கூப்பிட அறைப் போனில் எந்த எண்ணை அழுத்துவது என்றும் தெரியாது. கணவரின் செல்போன் பூட்டியிருந்தது. அவர் விரல் ரேகைக்கு மட்டுமே திறக்கும், கை நடுங்கியதில் அதுவும் பதியவில்லை. தன் போனில் ஓட்டலின் வைஃபையைப் பிடித்து, கோயம்புத்தூரில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருக்கிறார். மகன் பார்க்கவில்லை. மருமகளுக்கு அனுப்பி, மருமகள் மகனைப் பிடித்து, மகன் டிராவல்ஸ்காரரைப் பிடித்து, அவர் ஓட்டலைப் பிடித்து ஆம்புலன்ஸ் வருவதற்குள் 2 மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

மூளையின் ரத்தக்குழாயில் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, அதைக் கரைக்கும் ஊசி உண்டு. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சீக்கிரம் போடப் போடப் பலன் அதிகம். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பார்கள்: "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" அடுத்த கேள்வி: "ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?" இரண்டாவதற்குத் தப்பான பதில் சொன்னால், அந்த ஊசியே மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கிவிடலாம். அந்த அம்மா நல்லவேளையாக மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்துப் போயிருந்தார். ஆசிரியர் பிழைத்தார். வலது கை இன்னும் சரியாகவில்லை.

அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒரே ஒரு மூன்று இலக்க எண்: 998. ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆம்புலன்ஸுக்கு அதுதான்; போலீஸுக்கு 999. சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் 995. மலேசியாவில் 999. தாய்லாந்தில் ஆம்புலன்ஸ் 1669, சுற்றுலாப் போலீஸ் 1155. ஜப்பானில் ஆம்புலன்ஸ் 119. ஐரோப்பிய நாடுகளில் 112, அமெரிக்காவில் 911. இலங்கையில் 1990 என்று அழைத்தால் இலவச ஆம்புலன்ஸ் வரும்; இந்தியாவின் நிதியுதவியோடு 2016-ல் தொடங்கிய சேவை அது. நம் நாட்டுக்குள் எங்கே இருந்தாலும் 112. போகிற ஊரின் எண்ணை விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு சின்னத் தாளில் எழுதி, இருவரும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் பதிந்துவைத்தால் போதாது. போன் தொலையும், சார்ஜ் தீரும், பூட்டிக்கொள்ளும்.

அதே தாளில் ஓட்டலின் பெயரும் முகவரியும் இருக்கட்டும், அந்த ஊர் எழுத்தில். தாய்லாந்திலும் ஜப்பானிலும் நாம் ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் எத்தனையோ டாக்ஸி டிரைவர்களுக்குப் படிக்க வராது. ஓட்டல் வரவேற்பில் அட்டை கேட்டால் தருவார்கள். ஓட்டலுக்குள் நுழைந்ததும் ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

போன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். இரண்டு போனுக்கும் ரோமிங் போடுங்கள், இல்லையென்றால் அந்த ஊர் சிம் இரண்டு வாங்குங்கள். ஒருவர் போனின் பூட்டு எண் மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். போன் பூட்டியிருந்தாலும் மற்றவர் பார்க்கும்படி ரத்த வகை, நோய், மருந்து, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் வசதி ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் போட்டுத் தருவார்கள். குழுவோடு போகிறவர்களுக்கு இன்னொன்று. டூர் நடத்துகிறவர் தொடங்கும் வாட்ஸ்அப் குழுவில் பெரும்பாலும் தம்பதிக்கு ஒரு எண்தான் இருக்கும், அது கணவருடையதாக இருக்கும். பஸ் எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்ற தகவல் எதுவும் மனைவிக்கு வராது. "என்னையும் சேருங்கள்" என்று முதல் நாளே கேளுங்கள், அம்மா. கூச்சப்படாதீர்கள்.

பணமும் அப்படித்தான். மனைவி பெயரில் ஏ.டி.எம். அட்டை இருக்கும், பர்ஸிலேயே இருக்கும். வெளிநாட்டு மெஷினில் போட்டால் வேலை செய்யாது. 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புது அட்டை உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்துவரும். வெளிநாட்டு உபயோகத்தை நாமே வங்கிச் செயலியிலோ கிளையிலோ சொல்லித் திறக்க வேண்டும். இது தெரியாமல் அட்டை இருக்கிறது என்ற நம்பிக்கையில் போகிறவர்கள் எத்தனையோ பேர். இன்னொரு கண்ணி ஓ.டி.பி. இருவர் கணக்குக்கும் கணவர் எண்ணையே கொடுத்திருப்போம். அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, போன் அணைந்துகிடக்க, மனைவி ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. ஜிபே இருக்கிறதே என்று சில்லறைகூட வைத்துக்கொள்ளாமல் பழகிவிட்ட நமக்கு இது புரிவதற்குள் நேரம் கடந்துவிடும். அந்த நாட்டுப் பணமாக இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் டாக்ஸிக்கும் ஆகும் அளவு இருவர் இடுப்பிலும் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டை அவரவர் வைத்துக்கொள்வதே சரி. இரண்டும் ஒரே பையில் இருந்து பை திருடுபோனால், அந்த ஊர் போலீஸில் புகார் கொடுத்து, இந்தியத் தூதரகத்துக்கு அலைந்து, எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்க வேண்டும். அது இந்தியாவுக்குத் திரும்பி வர மட்டும் செல்லும். அடுத்த நாட்டுக்குப் போகும் திட்டம் அதோடு முடிந்தது. அவர் பாஸ்போர்ட் நகல் உங்களிடமும் உங்களுடையது அவரிடமும் இருக்கட்டும். பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். துணைவர் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறதா? கல்யாணத்துக்கு முன்பு எடுத்ததைப் புதுப்பித்துக்கொண்டே வந்தவர்களுக்குக் காலியாகத்தான் இருக்கும். நம் வழக்கப்படி மனைவி பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், கணவர் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அந்நிய நாட்டு ஆஸ்பத்திரிக்காரருக்கு இவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று எப்படித் தெரியும்? திருமணப் பதிவுச் சான்றிதழின் நகல் ஒன்று கூடவே இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009-ல்தான். அதற்கு முன்பு கழுத்தை நீட்டிய எங்கள் தலைமுறையில் பலரிடம் கல்யாண ஆல்பம் உண்டு, சான்றிதழ் கிடையாது. அடுத்த பயணத்துக்கு முன்பு அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இன்ஷூரன்ஸைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் கோபமே வருகிறது. பிரீமியம் குறையும் என்று சர்க்கரையையும் இதயத்தில் வைத்த ஸ்டென்ட்டையும் மறைத்து பாலிசி எடுக்கிறார்கள். சில சமயம் பிள்ளைகளே "அதெல்லாம் போட வேண்டாம்பா" என்று சொல்லி எடுத்துத் தருகிறார்கள். மாரடைப்பு வந்தால் முதல் வேலையாகப் பழைய ரிக்கார்டைக் கேட்பார்கள். மறைத்தது தெரிந்தால் கையை விரித்துவிடுவார்கள். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு வேண்டும் என்பது விதி. மற்ற பல நாடுகள் கேட்பதில்லை என்பதற்காக எடுக்காமல் போகாதீர்கள். ஊரில் நாம் கட்டும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் இந்திய எல்லையோடு நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அந்த எண்ணும் பாலிசி நம்பரும் யாரிடம் இருக்கின்றன? விழுந்துகிடப்பவரிடம் மட்டும் இருந்தால் பாலிசியே இல்லாத மாதிரிதான்.

இவ்வளவு நேரம் மனைவிமார் பக்கம் நின்று பேசினேன். கணவன்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மனைவி காலையில் போடும் மாத்திரைகள் எத்தனை, எதற்காக? பெயர் சொல்ல முடியுமா? எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது? என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அந்த வெள்ளைச் சின்ன மாத்திரை" என்றார். அது தைராய்டுக்கானது, 12 வருடமாகச் சாப்பிடுகிறேன்.

நம் ஊரில் 'டோலோ' என்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டு டாக்டருக்கு 'பாரசிட்டமால்' என்றால்தான் தெரியும். எல்லா மருந்தும் அப்படித்தான். அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை, எத்தனை மில்லிகிராம் என்பதோடு உங்கள் டாக்டரிடமே ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள். ஆளுக்கு ஒரு பிரதி. மருந்தையும் இரண்டாகப் பிரித்து இருவர் கைப்பையிலும் வையுங்கள். செக்-இன் பெட்டியில் மட்டும் வைத்தால், பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? இன்சுலினைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டுவிடலாம்.

மருந்தோடு சேர்ந்த இன்னொரு அபாயம் சட்டம். இங்கே டாக்டர் சாதாரணமாக எழுதித்தரும் கோடீன் கலந்த இருமல் சிரப், ட்ராமடால் வலி மாத்திரை போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன்அனுமதியும் டாக்டர் சீட்டும் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். சமையல் சாமானிலும் கண் வையுங்கள். மகள் வீட்டுக்குக் குருமாப் பொடி அரைத்துக் கொண்டுபோகும் அம்மாக்களே, அதில் கசகசா இருக்கிறதா? அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசாவுக்குத் தடை. போதைப்பொருள் கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள். யாரோ கொடுத்த பொட்டலத்தையும் தொடாதீர்கள். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. 'எனக்குத் தெரியாது' என்பதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

வெளிநாடு என்றால் பயந்து தயாராகிறவர்கள்கூட, "நம்ம நாடுதானே" என்று லடாக்குக்கும் கேதார்நாத்துக்கும் ஸ்வெட்டர் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள். நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டரில் இருக்கிறது. தில்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் விமானம் கொண்டுபோய் இறக்கிவிடும். உடம்புக்கு அந்த உயரத்து மெல்லிய காற்று பழக முதல் இரண்டு நாளாவது அறையில் ஓய்வெடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் மறுநாளே 5,359 மீட்டர் கார்துங் லாவுக்குக் கார் ஏறுகிறார்கள், 'பேக்கேஜில் இருக்கிறது' என்று.

அந்த உயரத்தில் மலைநோய் வந்தவருக்குத் தன் நிலைமை தெரியாது. மூளையில் நீர் கோத்தால் யோசனையே மங்கிவிடும். "ஒண்ணுமில்லை, லேசா தலைவலி" என்றுதான் சொல்வார். நம் வீட்டு ஆண்கள் அதைக்கூடச் சொல்லமாட்டார்கள். கூட இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். தரையில் ஒரு நேர்க்கோட்டில், ஒரு காலின் குதிகாலை மற்றதன் விரலோடு ஒட்டிவைத்து நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், பேச்சு தடுமாறினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், இரவா பகலா என்று பார்க்காமல் ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்குங்கள். காலைவரை பார்க்கலாம் என்று படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போனது உண்டு. கட்டிய பணத்தை நினைத்துத் துணையை மேலே இழுத்துப் போகாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

மெட்ரோ கதவைப் போலவே கூட்டமும் தம்பதியைப் பிரித்துவிடும். 2025 கும்பமேளாவில் ஜனவரி 29 அதிகாலை பிரயாக்ராஜில் ஏற்பட்ட நெரிசலில் குறைந்தது 30 பேர் இறந்ததாக அரசே அறிவித்தது. தொலைந்தவர்களைச் சேர்த்துவைக்க அங்கே தனி மையங்களே நடத்தினார்கள். இந்தி தெரியாத நம் ஊர்ப் பாட்டி அங்கே உட்கார்ந்து எந்த ஊர், எந்த லாட்ஜ் என்று எப்படிச் சொல்வார்? காசிக்குப் போகிறவர்கள் புடவைத் தலைப்பில் முடிந்துவைக்கும் காசோடு, லாட்ஜ் முகவரி எழுதிய தாளையும் முடிந்துவையுங்கள். ரயிலில் தண்ணீர் பிடிக்க இறங்கும் கணவர், டிக்கெட் இருக்கும் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு இறங்குவதில்லை. ரயில் கிளம்பிவிட்டால் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைக்கவாவது இருவருக்கும் தெரியட்டும்.

போட்டோ மோகத்தையும் சொல்லாமல் விட முடியாது. "இன்னும் கொஞ்சம் பின்னாடி போ" என்று சொல்பவர் கண் திரையில் இருக்கும், பின்னால் போகிறவர் கண் கேமராவில் இருக்கும். பாறை விளிம்பையும் அலையையும் யாருமே பார்ப்பதில்லை. அருவியில் கண் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் சில நிமிடங்களில் வெள்ளம் பாய்ந்து 17 வயதுப் பையனை அடித்துப் போனது. அருவித் தண்ணீர் கலங்கினாலோ, சத்தம் மாறினாலோ போனைப் பையில் போட்டுவிட்டு வெளியேறுங்கள்.

பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள். இப்போது எங்கள் ஏற்பாடு இதுதான்: பின்தங்கியவர் நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. முன்னால் போனவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வர வேண்டும். அரை மணி நேரத்துக்குள் பார்க்க முடியாவிட்டால் இருவரும் தனித்தனியாக ஓட்டலுக்குப் போய்விட வேண்டும். இந்த மூன்று வாக்கியத்தை அன்று நாங்கள் பேசிவைத்திருந்தால், இவர் அப்படி வியர்வையில் நனைந்து நின்றிருக்கமாட்டார்.

அடுத்து யாழ்ப்பாணமும் கண்டியும் போகிறோம். இரண்டு தோள்பை வாங்கியாயிற்று. இவர் என் மாத்திரைப் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டார். இவர் நம்பரை நான் மனப்பாடம் செய்துவிட்டேன். 1990 என்று எழுதிய தாள் இப்போதே என் பர்ஸில் இருக்கிறது. உங்கள் பர்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள்.